நடுவர் யாருடைய ஆள்?

1940 டிசம்பர் 12 அன்று தில்லி இர்வின் ஆம்பிதியேட்டரில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தை இந்தியக் கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் விட்டுவைப்பதில்லை. 1888-ல் சிம்லாவில் பட்டாளத்து அணிகளுக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் போட்டி மலையிலிருந்து தில்லிக்கு இறங்கி வந்த ஆண்டு அது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து, கோப்பையை வென்ற முதல் இந்திய அணி ஆயிற்று. வென்றவர்களைப் பற்றி நிறையச் சொல்லப்பட்டுவிட்டது. விசில் ஊதியவரைப் பற்றிச் சொல்லப்பட்டது குறைவு. அவர் பெயர் கேப்டன் ஹர்நாம் சிங். டூரண்ட் இறுதியாட்டத்துக்கு ரெஃப்ரியாக நின்ற முதல் இந்தியர். அரை நூற்றாண்டாக நடந்துவந்த போட்டியில் ஒரு இந்திய அணி வெல்வதும் ஒரு இந்தியர் நடுவராக நிற்பதும் ஒரே நாளில் நடந்தன. இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் அன்றைய கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே செய்தியாகத்தான் பட்டிருக்கும். இன்றைக்கு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆட்டத்தில் ஒரு பெனால்டி மறுக்கப்பட்டதும் ‘விஏஆர் கொண்டுவா’ என்று, வீடியோ உதவி நடுவர் முறையைக் கேட்டு எழும் கூச்சலைப் புரிந்துகொள்ள அந்த நாளிலிருந்து தொடங்குவது நல்லது. ரெஃப்ரி மேல் வரும் கோபம் அவர் எதைப் பார்க்கத் தவறினார் என்பதைவிட, அவர் யாருடைய ஆள், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதைப் பற்றியதாகவே தில்லியின் மைதானங்களில் இருந்துவந்திருக்கிறது. கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நோய் வேறிடத்தில்.

கல்கத்தாவில் இந்தக் கோபத்துக்கு அதற்கும் முந்திய வயது. வெள்ளைக்கார அணிகளும் பட்டாள அணிகளும் பூட்ஸ் அணிந்து ஆட, இந்திய அணிகளில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய காலத்தில் ஃபவுல் எது என்பதே அரசியல் கேள்வி. பூட்ஸ் கால் வெறுங்காலை மிதித்தால் அது ஆட்டத்தின் போக்கா, முறைகேடா? தீர்ப்புச் சொல்கிறவர் வெள்ளைக்காரர். லீக்கை நடத்தும் ஐ.எஃப்.ஏ.விலும் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. 1939-ல் ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங், காளிகாட் ஆகிய கிளப்புகள் ஐ.எஃப்.ஏ. மேலுள்ள அதிருப்தியில் லீக்கை விட்டே வெளியேறின. அந்தப் பின்னணியில் ஹர்நாம் சிங்கின் நியமனம் ஒரு பரிகாரம்: நம்மவர் ஒருவர் நடுவராக இருந்தால் நியாயம் கிடைக்கும் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தது அது. ஆனால் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அவர் கேப்டன். எதிரே ஆடிய அணி, அவர் சேவை செய்த அதே ராஜ்ஜியத்தின் ரெஜிமெண்ட். நிறத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்து ஆள், சீருடையை வைத்துப் பார்த்தால் மறுபக்கத்து ஆள். முகமதன் தோற்றிருந்தால் கல்கத்தா என்ன பேசியிருக்கும் என்று ஊகிக்க பெரிய கற்பனை வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ரெஃப்ரிகள் எல்லாரும் நம்மவர்களே. சந்தேகம் மட்டும் போகவில்லை, முகவரி மாற்றிக்கொண்டது. தில்லி கேட் அருகிலுள்ள அம்பேத்கர் ஸ்டேடியத்தில் டூரண்ட் ஆட்டங்கள் நடந்த பல பத்தாண்டுகளில் கேலரி ஒரே ஊராக இருந்ததில்லை. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்காக உருவான சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து வங்காளிகள் வருவார்கள். பழைய தில்லியிலிருந்து முகமதன் ரசிகர்கள் வருவார்கள். எல்லைப் பாதுகாப்புப் படை, பஞ்சாப் போலீஸ் என்று சீருடை அணிகளுக்கும் ஆள் உண்டு. போட்டியை நடத்துவது ராணுவம். ஆடும் அணிகளில் ராணுவ அணிகளும் இருக்கும். இந்த ஏற்பாட்டில் நூற்றுக்கு நூறு நேர்மையான ஒருவர் விசில் ஊதினாலும் தோற்ற தரப்பின் வாயில் ஒரு கேள்வி தயாராக இருக்கும். கல்கத்தாவில் அது கேள்வியோடு நிற்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது, களத்தில் ஒரு முரட்டு ஃபவுலை ஒட்டிக் கிளம்பிய சச்சரவு கேலரிக்குப் பரவி 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அதற்கு ரெஃப்ரியைக் காரணம் சொல்வது அநியாயம். இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்காமல் உட்காரவைத்த ஏற்பாடே முதல் குற்றவாளி. ஆனால் களத்தில் நியாயம் கிடைக்காது என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு வந்த கூட்டம் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதை அந்த நாள் காட்டியது.

நம்மவர் சரிப்படவில்லை என்றால் அடுத்த பரிகாரம் மூன்றாமவர். இரண்டு நாடுகளுக்கும் சம்பந்தமில்லாத ஒருவர். சர்வதேசக் கால்பந்தில் இது நெடுநாள் வழக்கம். கிரிக்கெட்டில் 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்களை அழைத்தது புதுமையாகப் பேசப்பட்டது. மூன்றாமவர் வைத்தியம் எந்த அளவுக்குப் பலிக்கும் என்பதற்குத் தில்லியே 1982-ல் சாட்சியாக இருந்தது. அந்த ஆண்டு ஆசிய விளையாட்டுக் கால்பந்தின் அரையிறுதியில் குவைத் 3-2 என்ற கணக்கில் வட கொரியாவை வென்றது. ஆட்டத்தை நடத்தியவர் தாய்லாந்துக்காரர். இரு நாட்டுக்கும் வேண்டியவர் அல்ல, வேண்டாதவரும் அல்ல. ஆட்டம் முடிந்ததும் வட கொரியத் தரப்பினர் களத்தில் பாய்ந்து நடுவரைத் தாக்கினார்கள். வட கொரியாவுக்கு இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் நடக்காமலே வெண்கலம் சவூதி அரேபியாவுக்குப் போயிற்று. அடித்தது அடித்ததுதான், அதற்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனாலும் அந்தச் சமயத்தில் குவைத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காட்சியை மறக்க முடியாது. அதே ஆண்டு ஜூன் 21 அன்று ஸ்பெயினின் வல்லாதோலித் நகரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் பிரான்ஸ் அடித்த ஒரு கோலை எதிர்த்து, குவைத் கால்பந்து சங்கத் தலைவர் ஷேக் ஃபஹத் அல் அஹமது கேலரியிலிருந்து களத்துக்கே இறங்கி வந்தார். சோவியத் ரெஃப்ரி அந்தக் கோலை ரத்துசெய்தார். ஐந்து மாதம் கழித்து, நவம்பரில், ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் உருவானபோது அதன் முதல் தலைவரானவரும் இதே ஷேக் ஃபஹத்தான். கவுன்சில் உருவான ஊர் தில்லி. அரையிறுதி முடிவுக்கும் இதற்கும் முடிச்சுப்போட ஆதாரம் எதுவும் இல்லை, போடவும் கூடாது. ஆனால் தாய்லாந்து நடுவரின் நடுநிலைமை அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்தது. அவரைச் சுற்றியிருந்த அதிகாரம் நடுநிலையாகத் தெரிந்ததா என்பது வேறு கேள்வி.

1982 இன்னொரு வகையிலும் திருப்புமுனை. அந்த ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. ஆசிய விளையாட்டுக்காகவே பல வீடுகளில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்தது. அதுவரை ரெஃப்ரியும் ரசிகரும் ஒரே நிலையில் இருந்தார்கள். ஆட்டத்தை இருவரும் ஒரு தடவைதான் பார்த்தார்கள், ரெஃப்ரி கிட்டே நின்று, ரசிகர் தூரத்தில் உட்கார்ந்து. ரிப்ளே வந்ததும் இது தலைகீழானது. வீட்டில் சாய்ந்திருப்பவர் மூன்று கோணத்தில், மெதுவாக, திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சட்டப்படி முடிவெடுக்க வேண்டியவர் மட்டும் ஒரே தடவை, ஓட்டத்தில், இரண்டு முதுகுகளுக்கு நடுவே பார்க்கிறார். அதிகாரம் ஒருவரிடம், அறிவு இன்னொருவரிடம் என்று பிரிந்துவிட்ட நிலை இது. போதாக்குறைக்கு, மெதுவாக ஓடும் படம் வெறும் சாட்சி அல்ல. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வு, அதே செயலை வேகம் குறைத்துக் காட்டும்போது செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்க்கிறவர்கள் நம்புவது கூடுகிறது என்று காட்டியது. பந்து கையில் பட்டதா என்ற கேள்விக்கு ரிப்ளே விடை தரும். கையை வேண்டுமென்று நீட்டினாரா என்ற கேள்விக்கு அது ஒரு பக்கம் சாய்ந்த விடையைத் தரும்.

படச்சாட்சி தில்லிக்கு வந்து தீர்ப்புச் சொன்ன நாளும் உண்டு, கால்பந்தில் அல்ல, ஹாக்கியில். இடம் பழைய இர்வின் ஆம்பிதியேட்டர்தான். 1951-ல் முதல் ஆசிய விளையாட்டு நடந்ததும், ஈரானை 1-0 என்று வென்று இந்தியா கால்பந்துத் தங்கம் வாங்கியதும் இங்கேதான். மேஜர் தியான் சந்த் தேசிய ஸ்டேடியம் என்ற பெயரோடு அது 2010-ல் உலகக் கோப்பை ஹாக்கிக்குத் தயாராகியிருந்தது. பிப்ரவரி 28 அன்று இந்தியா பாகிஸ்தானை 4-1 என்று வென்றது, ஸ்டேடியம் கொண்டாடியது. ஆட்டம் முடிந்த பிறகு அதிகாரிகள் வீடியோவைப் பார்த்து, பாகிஸ்தான் வீரர் ஒருவரை மட்டையால் தாக்கியதாக ஷிவேந்திர சிங்குக்கு மூன்று ஆட்டத் தடை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது இரண்டாகக் குறைந்தது. அன்று ரசிகர்களுக்கு எழுந்த கேள்வி ‘வீடியோ பொய் சொல்கிறதா’ என்பதல்ல. எல்லா ஆட்டத்து வீடியோவையும் இப்படித்தான் துருவினார்களா, இதைத் தேர்ந்தெடுத்தது யார், வெளிநாட்டவர் கையிலுள்ள சம்மேளனம் நம்மவனை மட்டும் ஏன் பிடிக்கிறது என்பவைதான். எழுபது ஆண்டுக்கு முன் அதே மைதானத்தில் ஒரு இந்திய கேப்டனை நிறுத்தி ஆற்ற முயன்ற மனக்குறை, இப்போது கேமராவை நோக்கித் திரும்பியது.

கிரிக்கெட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. டிவி நடுவர் அவுட் கொடுத்த முதல் பேட்ஸ்மேன் சச்சின் டெண்டுல்கர். 1992 நவம்பரில், டர்பனில். 2008-ல் இலங்கைத் தொடரில், நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கக் கேட்கும் டி.ஆர்.எஸ். முறையைச் சோதித்துப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்ட இந்திய வாரியம், அதற்குப்பின் 2016 வரை அதை முழுமையாக ஏற்க மறுத்தது. அதே 2008 ஜனவரியில்தான் சிட்னி டெஸ்டில் நடுவர் தீர்ப்புகள் இந்தியாவுக்கு எதிராக அடுக்கடுக்காகப் போய் நாடே கொதித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தவறான தீர்ப்பால் அப்படி அடிபட்ட நாடுதான் அதைத் திருத்தும் கருவியை எட்டு வருஷம் வாசலில் நிற்கவைத்தது. பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று கணித்துச் சொல்லும் தொழில்நுட்பம் நம்பத்தக்கதல்ல என்பது வாரியத்தின் வாதம். பிறகு ஏற்றும் கொண்டாயிற்று, ஊருக்கு ஊர் ரசிகர்கள் அதைப் பழகியும் கொண்டார்கள். சந்தேகம் ஓய்ந்ததா? 2022 ஜனவரி 13, கேப்டவுன். அஸ்வின் பந்தில் டீன் எல்காருக்கு நடுவர் எல்.பி.டபிள்யூ. கொடுத்தார், ரிவ்யூவில் பந்து ஸ்டம்புக்கு மேலே போவதாக வந்தது. தில்லிக்காரரான விராட் கோலி ஸ்டம்ப் மைக்கில் குனிந்து பேசினார். நம் அஸ்வின் ஒளிபரப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே குத்தினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதர் மேலிருந்த சந்தேகம், படம் எடுக்கிற கம்பெனி மேல் ஏறிக்கொண்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களே, இயந்திரத்தின் எல்லைகளை அறிந்தவர்களே, கணத்தின் சூட்டில் அது யாருடைய இயந்திரம் என்று கேட்டார்கள் என்றால் கேலரியைக் குறைசொல்ல என்ன இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் தோஹா. 2024 ஜூன் 11, கத்தாருக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். சாங்தே அடித்த கோலால் இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. 73-வது நிமிடத்தில் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கத்தார் வீரர் அதைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுக்க, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். தென் கொரிய நடுவர் கோல் என்றார். ஆட்டம் 2-1 என்று கத்தாருக்குப் போயிற்று. மூன்றாம் சுற்றுக்கு முதன்முறையாக நுழையும் இந்தியாவின் வாய்ப்பும் கூடவே போயிற்று. இங்கே எந்த அரசியலும் தேவையில்லை, ஒரு கேமரா போதும் என்பார்கள். உண்மைதான். பந்து வெளியே போனதா, கோட்டைக் கடந்ததா, ஆஃப்சைடா என்பவை அளந்து சொல்லக்கூடிய உண்மைகள். அவற்றை மனிதக் கண்ணுக்கு விட்டுவைப்பதற்கு 2010 உலகக் கோப்பையில் கோட்டைத் தாண்டிய இங்கிலாந்து வீரர் லாம்பார்டின் கோல் மறுக்கப்பட்ட பிறகு உலகத்தில் யாரிடமும் நல்ல காரணம் மிச்சமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. இந்தப் பாதியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோஹா இன்னொன்றையும் சொல்கிறது. அதே கத்தாரில் ஐந்து மாதத்துக்கு முன் ஆசியக் கோப்பை நடந்தபோது எல்லா ஆட்டத்திலும் விஏஆர் இருந்தது; ஆஃப்சைடைக் கணிக்கும் பாதித் தானியங்கிக் கருவியும் இருந்தது. ஜூனில் விஏஆர் இல்லாமல் போனது கருவி கிடைக்காததால் அல்ல. இரண்டாம் சுற்று ஆட்டங்களுக்கு அது வேண்டியதில்லை என்று எங்கோ எடுக்கப்பட்ட முடிவு அது. கண் இருந்தும் திறக்க வேண்டாம் என்றவர் யார் என்ற கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கிறது.

விஏஆர் உள்ள இடங்களில் என்ன நடந்தது என்று நீட்டிப் பேச வேண்டியதில்லை, ஒன்றிரண்டு போதும். கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில், அதுவும் அப்பட்டமான பிழையில் மட்டும் தலையிடலாம் என்பதே விதியாக இருந்துவந்தது. எது அப்பட்டம் என்பது மறுபடி ஒரு மனிதரின் தீர்ப்பு. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நல்ல கோல் ரத்தானது. பிறகு வெளியிடப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்டால், படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். களத்தில் கொடுத்த தீர்ப்பு கோல் என்று தப்பாக நினைத்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்லிவிட்டார்கள். பிழை கண்ணில் இல்லை, பேச்சில். நார்வேயில் 2024-ல் ரசிகர்கள் விஏஆரை எதிர்த்து மைதானத்தில் மீன் கட்லெட்டை வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஸ்வீடன் கதை எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அங்கே கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களான ரசிகர்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ரசிகர்கள் விஏஆர் வேண்டாம் என்று தங்கள் கிளப்புகளைக் கொண்டே சொல்லவைத்தார்கள். கோல் விழுந்த நொடியின் மகிழ்ச்சி பிழையில்லாத் தீர்ப்பைவிடப் பெரிது என்பது அவர்கள் கணக்கு. தோற்றவன் எதையாவது குறை சொல்லத்தான் செய்வான், ரசிகனைத் திருப்திப்படுத்தவே முடியாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இது பதில். வீட்டு நிர்வாகத்தில் தனக்கும் பங்கு இருக்கும்போது ரசிகர் பிழையைப் பொறுத்துக்கொள்கிறார்.

நம் வீட்டு நிர்வாகம் தில்லி துவாரகாவிலுள்ள ஃபுட்பால் ஹவுஸில் இருக்கிறது. 1937-ல் சிம்லாவில் பிறந்த அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைமையகம் அது. ரெஃப்ரிகள் பற்றிய புகார்கள் கடைசியில் வந்து சேரும் இடமும் அதுவே. 2012 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா டெர்பியில் மோகன் பகான் வீரர் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை காட்டியதும், கேலரியிலிருந்து வந்த கல் பட்டு அவர் அணியின் நபி காயமடைந்ததும் சேர்ந்து, இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களத்துக்குத் திரும்ப மறுத்தது. முதலில் இரண்டு ஆண்டுத் தடை. அடுத்த மாதமே அது 2 கோடி ரூபாய் அபராதமாகவும் புள்ளிகள் பறிப்பாகவும் சுருங்கியது. பத்து ஆண்டு கழித்து, 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், ஐ.எஸ்.எல். ஆட்டம் ஒன்றின் கூடுதல் நேரத்தில், 96-வது நிமிடத்தில், கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்பு வரிசையை அமைத்து முடிப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார். (தில்லியின் சிட்டி கிளப்பில் ஆடி வளர்ந்தவர் அவர், தெருவில் பழகிய சாமர்த்தியம் இது என்று தில்லிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) ரெஃப்ரி கோல் என்றார், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். தில்லி விதித்த தண்டனை கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. மோகன் பகானுக்கு ஒரு தராசு, கொச்சிக்கு ஒரு தராசா என்று கேரளத்தில் கேட்காதவர் இல்லை. இரண்டு வழக்குக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆனால் அந்த வேறுபாட்டைக் கேலரிக்குப் புரியும்படி யாரும் விளக்கவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, அன்று விஏஆர் இருந்திருந்தாலும் சர்ச்சை தீர்ந்திருக்காது. கேள்வி பந்து எங்கே போயிற்று என்பதல்ல. விசிலுக்குக் காத்திரு என்று ரெஃப்ரி சொன்னாரா, உடனே அடிக்கலாம் என்று விட்டாரா என்பது. கேமராவால் மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. ரெஃப்ரியின் காலரில் ஒரு மைக் இருந்து, மறுநாள் அந்தப் பதிவை வெளியிட்டிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்.

தண்டனை கொடுக்கும் வீட்டின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்த பிறகும் தேர்தல் நடத்தாமல் தலைவர் பிரஃபுல் படேல் நீடித்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் நிர்வாகத்தை நீக்கி மேற்பார்வைக் குழுவை நியமித்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்து, இரண்டு வாரத்துக்குள் அதை விலக்கிக்கொண்டது. நடுவரை நியமிப்பவரையே நியமிக்க வழக்காட வேண்டியிருந்த நாட்டில், மைதானத்தில் நிற்கும் ஒரு விசில்காரரை மட்டும் நம்பு என்று ரசிகரிடம் கேட்பது எப்படி? அந்த விசில்காரர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆட்டத்துக்கு வருகிறவர்கள். இந்தியக் கண்ணுக்குத் திறமை இல்லை என்பதும் பொய். இந்தியா ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, ஆனால் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தார். 2022-ல் பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக விஏஆர் நம் மண்ணுக்கும் வந்துபோனது. தங்கவில்லை. 2023-ல் சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே குறைந்த செலவிலான ‘விஏஆர் லைட்’ பற்றி அறிவித்தார். 2024-25 பருவம் வரையிலும் ஐ.எஸ்.எல். அது இல்லாமலே ஓடியது.

செலவைக் காரணம் காட்டுவதை நான் பரிகசிக்கவில்லை. முழு விஏஆருக்குக் கேமராக்கள், தனி அறை, பயிற்சி பெற்ற ஆட்கள் என்று நிறையத் தேவை. ஆனால் பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை மேல்முறையீடு கேட்கலாம், ரெஃப்ரியே திரையில் போய்ப் பார்ப்பார் என்ற எளிய முறையை ஃபிஃபா 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்திருக்கிறது. ஹாக்கியும் கிரிக்கெட்டும் பார்த்துப் பழகிய இந்திய ரசிகருக்கு இது புதிதும் அல்ல. தீர்ப்புக்கான காரணத்தை மைக்கில் சொல்வதற்கோ, சர்ச்சைக்குரிய முடிவுகளைப் பற்றி வாரம் ஒருமுறை எழுத்தில் விளக்கம் தருவதற்கோ ஒரு கேமராகூட வாங்க வேண்டாம். ரெஃப்ரி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர் அதிகாரம் போய்விடும் என்பது பழைய பயம். உயர் நீதிமன்ற நீதிபதி காரணம் எழுதித்தான் தீர்ப்பளிக்கிறார். அதனால் அவர் நாற்காலி ஆடிவிடவில்லை. காரணம் சொல்லப்பட்ட தப்பான தீர்ப்போடு சண்டைபோடலாம். காரணம் சொல்லப்படாத சரியான தீர்ப்பைச் சந்தேகப்பட மட்டும்தான் முடியும். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் ரெஃப்ரிகள் முடிவை ஸ்டேடியம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்கள், ஆட்டம் நின்றுவிடவில்லை.

கண்டீரவா விவகாரத்தில் ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று பிளாஸ்டர்ஸ் கேட்டபோது தில்லி அதை நிராகரித்தது. களத்தில் நடந்ததைப் பற்றி நடுவர் எடுக்கும் முடிவே இறுதி என்பது கால்பந்துச் சட்டத்தின் ஐந்தாம் விதி. அதன்படி பார்த்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பதினைந்து மாதம் கழித்து, தோஹா ஆட்டம் முடிந்த கையோடு, அதே சம்மேளனம் ஆட்டக் கமிஷனருக்கும் ஃபிஃபாவுக்கும் ஆசியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் புகார் எழுதியது: பந்து வெளியே போனது எல்லாருக்கும் தெரிந்தது, விசாரணை வேண்டும், இழைக்கப்பட்ட அநீதிக்குப் பரிகாரம் வேண்டும் என்று. கொச்சி ரசிகர் அந்தக் கடிதத்தைத் தன் கையெழுத்துப் போட்டே அனுப்பியிருக்கலாம். ஆட்டத்தின் முடிவு 2-1 என்றே நின்றது.